நெடுநாள் நின்ற மோட்டார் வண்டி

மோட்டார் வண்டி ஓட ஓடத்தான் தேயும். கொட்டகையில் நிறுத்திவிட்டால் வைத்தது வைத்தபடியே இருக்கும் என்பது நம்மில் பலருடைய எண்ணம். பெட்டியில் வைத்த பட்டுப் புடவையைப் போல அதுவும் பத்திரமாக இருக்கும் என்று நம்புகிறோம். ஆனால் அந்தப் பட்டுப் புடவையைக்கூட அவ்வப்போது எடுத்து உதறி, மடிப்பை மாற்றி வைக்காவிட்டால், மடித்த இடத்திலேயே இற்றுப் போகும் என்பதை நம் வீட்டுப் பெண்மணிகள் நன்கறிவார்கள். மோட்டார் வண்டியும் அத்தகையதே. ஓடுகின்ற வண்டி தேய்கிறது. ஓடாத வண்டியோ இற்றுப் போகிறது. தேய்மானம் ஓசையாலும் புகையாலும் தன்னை அறிவித்துக்கொள்ளும். இற்றுப் போவது வெளியே தெரிவதில்லை. இவ்வேறுபாட்டை உணராமல், பல ஆண்டுகள் நின்ற வண்டியை ஒரே நாளில் ஓட்டிப் பார்க்க முயன்று நான் பெற்ற பாடத்தையும், அதன்பின் கற்றுக்கொண்ட முறையையும் நேயர்களுக்கு எடுத்துச் சொல்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

என் தந்தையார் 1972-ஆம் ஆண்டில் ஓர் அம்பாசிடர் வண்டி வாங்கினார். மேற்கு வங்காளத்தில் ஊக்ளி மாவட்டத்து உத்தர்பாராவில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் செய்யப்பட்ட வண்டி அது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற வண்டியின் மூன்றாம் வரிசையைத் தழுவி 1958-இல் தொடங்கிய அம்பாசிடரின் உற்பத்தி, 2014-ஆம் ஆண்டு வரை நடைபெற்றது. ஏறத்தாழ மூன்று தலைமுறைகள் இந்நாட்டில் திருமணத்திற்கும் மருத்துவமனைக்கும் அதில்தான் சென்று வந்தன. எங்கள் வீட்டிலும் அவ்வாறே. 2009-இல் தந்தையார் காலமானார். அன்று முதல் அவ்வண்டி, காவிரிக் கரையை அடுத்த எங்கள் சிற்றூரில், பழைய மாட்டுக் கொட்டகையில் நின்றது. அதை விற்கவும் மனம் வரவில்லை. ஓட்டவும் ஆள் இல்லை.

பத்து ஆண்டுகள் கழிந்தன. 2019-இல் நான் ஊருக்குச் சென்றிருந்தபோது என் தாயார், "அப்பா வண்டியிலே இன்னும் ஒரு தடவை கோயிலுக்குப் போய்வரணும்னு ஆசையா இருக்குடா" என்றார். எழுபத்தைந்து வயதைக் கடந்தவர் கேட்டது. மறுநாளே அதை நிறைவேற்றிவிட வேண்டும் என்ற வேகம் எனக்கு உண்டாயிற்று. புதிய பாட்டரி ஒன்று வாங்கி வந்தேன். கார்புரேட்டரின் வாயில் சிறிது பெட்ரோலை ஊற்றினேன். சாவியைத் திருப்பினேன். நாலைந்து முறை முனகிய எஞ்சின், பெரும் புகையோடு உறுமி எழுந்தது. தாயார் கண்கலங்கினார். தெருவில் பிள்ளைகள் கை தட்டினார்கள். வாசலில் பிரேக்கை இருமுறை மிதித்துப் பார்த்தேன்; பிடித்தது. அதற்குமேல் யோசிக்கத் தோன்றவில்லை. பதிவு காலாவதியானது, காப்புறுதி இல்லாதது எதையும் நான் எண்ணிப் பார்க்கவில்லை.

எங்கள் தெரு ஆற்றங்கரை மேட்டின்மேல் ஏறிப் பின் குளக்கரையை நோக்கிச் சரிவாக இறங்குகிறது. அச்சரிவில் மூன்றாம் முறையாகப் பிரேக்கை மிதித்தேன். மிதி எவ்விதத் தடையுமின்றித் தரைப்பலகை வரை சென்றது. கைப் பிரேக்கை இழுத்தேன். கம்பி துருவேறி இறுகியிருந்ததால், கைப்பிடி அசைந்ததே தவிர சக்கரங்களுக்கு அச்செய்தி எட்டவில்லை. சரிவின் அடியில், யாரோ வீடு கட்டுவதற்காகக் கொட்டியிருந்த மணற்குவியலின்மீது வண்டி ஏறி நின்றது. எனக்கு அடி ஒன்றும் இல்லை. ஆனால் மாலை வேளைகளில் எங்கள் தெருப் பிள்ளைகள் விளையாடுவது அந்த மணலில்தான். பள்ளி விடுவதற்கு அன்று இன்னும் அரை மணி நேரம் இருந்தது. மறுநாள் காலையில் என் தாயாரை அவ்வண்டியில் ஏற்றிச் செல்வதாக இருந்தேன்.

வண்டியை இழுத்துச் செல்ல வந்த பட்டறைக்காரப் பெரியவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. மிதியை ஒருமுறை கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஓட வைக்கிறது பெரிய வித்தை இல்லே, தம்பி. நிக்க வைக்கிறதை முதல்லே பார்த்திருக்கணும்" என்றார். நான் சொல்லப் போவதெல்லாம் அவர் கூறிய அவ்வொரு சொல்லின் விரிவுரையே.

வண்டி நிற்கும்போது அதற்கு என்ன நேர்கிறது என்பதை முதலில் காண்போம். ஓடுகின்ற எஞ்சினில் எண்ணெய் ஒவ்வோர் உறுப்பின்மேலும் மெல்லிய போர்வையாகப் படிகிறது. எஞ்சினின் சூடு உள்ளிருக்கும் ஈரத்தை ஆவியாக்கி வெளியே தள்ளுகிறது. நின்ற எஞ்சினில் இவ்விரண்டும் இல்லை. எண்ணெய் மெல்ல வழிந்து அடித்தொட்டிக்கு இறங்கிவிடுகிறது. நான்கு சிலிண்டர்களுள் ஒன்றிரண்டில் ஏதேனும் ஒரு வால்வு திறந்தே நிற்கும். அவ்வழியே ஈரக்காற்று புகுந்து சிலிண்டரின் சுவரையும் பிஸ்டன் வளையங்களையும் துருவால் ஒட்டவைக்கிறது. தொட்டியிலுள்ள பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட, எஞ்சியது காற்றோடு கலந்து பிசினாகிறது. ரப்பர் உறுப்புகள் இறுகி வெடிக்கின்றன. பாட்டரி தானே வலுவிழந்து கெடுகிறது. வண்டியின் முழுப் பாரமும் டயரின் ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்காக அழுந்துகிறது. இவை போதாவென்று எலிகள் வேறு குடியேறுகின்றன. ஆகவே, நின்ற வண்டியை ஓய்வெடுத்த வண்டி என்று கொள்ளாமல், நோயுற்ற வண்டி என்று கொள்வதே பொருந்தும். நோயாளியைப் படுக்கையிலிருந்து எழுப்பி உடனே ஓடச் சொல்லும் மருத்துவர் உண்டோ?

முதல் வேலை பார்வையிடுதல். இதற்குக் கருவிகளைவிடப் பொறுமையே மிகுதியாக வேண்டும். மூடியைத் திறக்குமுன் தட்டி ஓசை எழுப்புதல் நலம். கொட்டகையில் நின்ற வண்டியில் பாம்பு தங்குவது அரிதன்று. எங்கள் வண்டியின் காற்று வடிகட்டியில் வைக்கோலும் பஞ்சும் கொண்டு எலி கூடு கட்டியிருந்தது. புகைக்குழாயின் வாயில் குளவிக் கூடு. மின்கம்பிகளின் உறையை எலிகள் கரம்பியிருந்தன. இத்தகைய கம்பிகள் ஒன்றோடொன்று உரசினால் தீப்பொறி பறக்கும். ஆதலால் கம்பிகள் அனைத்தையும் பார்த்து முடிக்கும்வரை பாட்டரியை இணைக்கவே கூடாது. மற்றொன்றும் நினைவில் இருக்கட்டும். இக்காலத்து வண்டிகளில் பாட்டரியின் எதிர்முனை வண்டியின் உடலோடு இணைக்கப்படுகிறது. பழைய வண்டிகள் சிலவற்றில் நேர்முனை அவ்வாறு இணைக்கப்பட்டிருக்கும். பழைய பாட்டரியைக் கழற்றும்போதே எந்த முனை எங்கே சென்றது என்று குறித்துக்கொள்ளாவிட்டால், புதியதை மாற்றிப் பொருத்தி மின்னுறுப்புகளைக் கெடுத்துக்கொள்ள நேரும்.

அடுத்து வண்டியின் அடிப்பாகம். வண்டியைத் தூக்கியபின் வெறும் ஜாக்கியை நம்பி அதன் அடியில் ஒருபோதும் புகலாகாது. உறுதியான தாங்கிகளின்மேல் வண்டியை அமர்த்தி, கையால் அசைத்துப் பார்த்த பிறகே கீழே செல்லவேண்டும். அம்பாசிடர் வண்டியில் லாரிக்கு இருப்பதுபோலத் தனியான இரும்புச் சட்டம் கிடையாது. தரைத்தகடும், கதவுகளின் அடியில் நீளவாட்டில் ஓடும் பெட்டிப் பகுதியும், உடலும் சேர்ந்தே அதன் எலும்புக்கூடு. எனவே அங்கே துரு ஏறினால் அழகு கெட்டதோடு நிற்பதில்லை, வலிமையே போய்விடுகிறது. தரை விரிப்பை அகற்றிவிட்டுத் திருப்புளியின் நுனியால் அழுத்திப் பார்க்கவேண்டும். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். இற்ற தகட்டில் திருப்புளி உள்ளே இறங்கும். துருவின்மேல் பட்டி பூசி வண்ணம் அடித்து மறைப்பது பலர் செய்யும் பிழை. இற்ற பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பதே முறை.

இனிப் பிரேக்கைக் காண்போம். எஞ்சினுக்கு முன்னால் இதை எடுத்துக்கொள்வதன் காரணம் நேயர்களுக்கு இப்போது விளங்கியிருக்கும். மிதியை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டரில் உள்ள ஒரு தண்டு, நாம் பிரேக் ஆயில் என்று கூறும் திரவத்தைக் குழாய்களில் தள்ளுகிறது. அத்திரவம் ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள சிறு சிலிண்டரைச் சென்றடைந்து, அங்கே இருக்கும் தண்டுகளை வெளியே தள்ளுகிறது. அவை பிரேக் ஷூக்களை டிரம்மின் உட்சுவரோடு அழுத்துகின்றன. திரவம் எங்கும் கசியாமல் காப்பவை சிறு கிண்ண வடிவமான ரப்பர் வாஷர்கள். ஒரு ரூபாய் நாணயத்தின் அளவே உள்ள அந்த ரப்பர்த் துண்டுகளின்மீதுதான் ஒரு டன்னுக்கும் மேற்பட்ட வண்டியின் பாரமும், அதில் அமர்ந்தவர்களின் உயிரும் சார்ந்திருக்கின்றன.

இப்பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 என்னும் வகை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஏறத்தாழ 3.7 விழுக்காடு நீர் அதில் ஏறியபின், கொதிநிலையின் குறைந்த அளவு 140 பாகையாக இறங்கிவிடுகிறது. நெடிய இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தால் திரவம் கொதித்து ஆவியாகும். திரவத்தை அழுத்தினால் சுருங்காது. ஆவியோ பஞ்சுபோலச் சுருங்கிவிடும். மிதி கீழே போகும், பிரேக் பிடிக்காது. அன்றியும் அந்நீரே சிலிண்டரின் உட்சுவரை அரித்துச் சிறு சிறு பள்ளங்களாக்குகிறது. பத்தாண்டுகள் இறுகிக் கிடந்த ரப்பர், முதலிரண்டு மிதியில் அப்பள்ளங்களின்மேல் உராய்கிறது. மூன்றாம் மிதியில் அதன் உதடு கிழிந்துவிடுகிறது. என் வண்டிக்கு நேர்ந்தது அதுவே. வாசலில் இருமுறை பிடித்த பிரேக், சரிவில் கைவிட்டது வியப்பன்று. அவ்விரு மிதிகளே அதைக் கிழித்திருந்தன. மேலும், அக்காலத்து அம்பாசிடரில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே குழாய்ச் சுற்றுதான். ஓரிடத்தில் கசிந்தால் நான்கிலும் பிரேக் போய்விடும்.

ஆதலால் நெடுநாள் நின்ற வண்டியின் பிரேக்கைச் சோதித்துப் பார்த்து நம்புவது என்ற பேச்சுக்கே இடமில்லை. முழுவதையும் பிரிக்கவேண்டும். சிலிண்டர்களில் பள்ளம் விழுந்திருந்தால் புதியவை வாங்கவேண்டும். வாஷர்கள், நெளியும் ரப்பர்க் குழாய்கள் ஆகியவற்றைக் கண்ணுக்கு நல்லவையாகத் தோன்றினாலும் மாற்றிவிடவேண்டும். துருவேறிய இரும்புக் குழாய்களையும் விட்டுவைக்கலாகாது. ரப்பர் உறுப்புகளை மண்ணெண்ணெயாலோ பெட்ரோலாலோ கழுவினால் அவை ஊதிக் கெட்டுவிடும். புதிய பிரேக் ஆயிலைக் கொண்டே துடைக்கவேண்டும். டிரம்மினுள் படிந்திருக்கும் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதலாகாது. பழைய பிரேக் லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது; அத்தூசி நுரையீரலுக்குப் பெருந்தீங்கு விளைக்கும். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, ஈரத்துணியால் துடைத்தெடுத்து அப்புறப்படுத்த வேண்டும்.

எல்லாவற்றையும் பொருத்தியபின் குழாய்களில் தங்கிய காற்றை வெளியேற்றவேண்டும். பட்டறை வழக்கில் இதனை 'ஏர் எடுத்தல்' என்பர். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி, மிக அருகிலுள்ளதில் முடிப்பது வழக்கம். இதற்கு இருவர் வேண்டும். ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் சக்கரத்திலுள்ள திருகைத் திறந்து மூடுவார். எங்கள் வீட்டில் என் தமக்கையின் மகன் மிதியில் அமர்ந்தான். முதலில், "மாமா, கால் பொதபொதன்னு உள்ளே போகுது" என்றான். குமிழிகள் வருவது நின்றபின், "மாமா, இப்போ கல்லு மாதிரி நிக்குது" என்றான். அதற்குமேல் சான்று வேண்டுவதில்லை. இருப்பினும் அன்றிரவு முழுவதும் ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் வெள்ளைத்தாள் விரித்து வைத்தோம். காலையில் தாளில் ஒரு சொட்டுக்கூட இல்லை. கைப் பிரேக்கின் கம்பியையும் புதிதாக மாற்றினோம்.

பிரேக்கை முடித்த பின்னரே எஞ்சினின் பக்கம் திரும்பினோம். முன்பு நான் சாவியைத் திருப்பிய உடனே அது எழுந்தது என் நற்பேறு. அதைப் பின்பற்றத் தக்க முறையாக யாரும் கொள்ளலாகாது. முதலில் நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, ஓரிரு நாள்கள் ஊறவிட வேண்டும். பிறகு, முன்புறம் கைப்பிடி செருகிச் சுற்றும் வசதியுள்ள வண்டியாயின், அதனைக் கொண்டு மெல்லச் சுற்றிப் பார்க்கவேண்டும். சுற்றினால் நன்று. சுற்றாவிட்டால் வலிந்து முறுக்காமல் மீண்டும் எண்ணெய் விட்டுக் காத்திருக்க வேண்டும். பதறாத காரியம் சிதறாது என்ற பழமொழி இவ்விடத்திற்கே ஏற்பட்டது போலும்! பின்னொரு நாள் பிளக்குகளோடு எஞ்சினைக் கைப்பிடியால் கிளப்ப நேர்ந்தால், பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக் கீழிருந்து மேலாக இழுப்பதே பாதுகாப்பு. எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியக்கூடும்.

பழைய எஞ்சின் ஆயிலை வடித்துவிடவேண்டும். அது பால்போல வெளுத்திருந்தால் நீர் கலந்திருக்கிறது என்று பொருள். நீர் எவ்வழியே வந்தது என்று ஆராயவேண்டும். வடிகட்டியையும் மாற்றி, புது ஆயில் ஊற்றியபின், பிளக்குகள் இல்லாமலேயே செல்ப் மோட்டாரைக் கொண்டு எஞ்சினைச் சிறிது சிறிதாகச் சுழற்ற வேண்டும். எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் முள் எழும்வரை இதனைச் செய்தல் வேண்டும். வறண்ட தாங்கிகளுக்கு எண்ணெய் சென்று சேருமுன் எஞ்சினை முழு விசையில் ஓடவிட்டால், பத்தாண்டுகள் நின்று கெடாதது பத்தே நொடியில் கெட்டுவிடும். வால்வு மூடியையும் திறந்து, வால்வுகள் தடையின்றி எழுந்து இறங்குகின்றனவா என்று காணுதல் நன்று. ரேடியேட்டரைக் கழுவி, ரப்பர்க் குழாய்களை விரலால் அமுக்கிப் பார்த்து, வெடித்தவற்றையும் விசிறிப் பட்டையையும் மாற்றவேண்டும்.

பழைய பெட்ரோலை முழுவதும் வடித்துவிட வேண்டும். கெட்ட பெட்ரோலுக்கு வார்னிஷின் வாடை உண்டு. ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார். தொட்டியின் உட்புறத் துருவைக் கழுவி, கார்புரேட்டரைப் பிரித்து, மிதவை, ஊசி, ஜெட் ஆகியவற்றில் படிந்த பிசினைத் துடைக்கவேண்டும். எரிபொருள் பம்பின் சவ்வையும் ரப்பர்க் குழாய்களையும் புதியனவாக மாற்றுவது இக்காலத்தில் இன்றியமையாதது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. 1972-ஆம் ஆண்டு வண்டியின் ரப்பரும் தக்கையும் அக்கலவையை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் அவற்றை இளக்கிக் கசியச் செய்யும், ஈரத்தையும் உறிஞ்சும். எனவே எத்தனாலைத் தாங்கவல்ல குழாய்களையே கேட்டு வாங்குதல் வேண்டும். தொட்டியில் பெட்ரோலை மாதக்கணக்கில் தேக்கி வைப்பதையும் தவிர்க்கவேண்டும். நான் செய்ததுபோலக் கார்புரேட்டரின் வாயில் பெட்ரோல் ஊற்றிக் கிளப்புவது மிகவும் தீய வழக்கம். எஞ்சின் பின்னோக்கி வெடித்தால் ஊற்றுகின்ற கையிலேயே தீப்பற்றும். பெட்ரோல் வேலை நடக்கும் இடத்தில் தீயணைப்புக் கருவி அருகிலிருக்க வேண்டும். பீடியும் விளக்கும் அவ்விடத்தை நெருங்கலாகாது.

தீப்பொறி உண்டாக்கும் பகுதி எளியது. டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள பாயிண்டுகளின்மேல் படிந்த பாசியைத் தேய்த்து, அவற்றின் இடைவெளியை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்காகவும், பிளக்கின் இடைவெளியை ஆயிரத்தில் 25 பங்காகவும் வைத்தோம். 1489 கன சென்டிமீட்டர் அளவுள்ள எங்கள் வண்டி எஞ்சினின் பற்றும் வரிசை 1, 3, 4, 2 என்பதாகும். கம்பிகளைக் கழற்றும்போதே எண் எழுதி ஒட்டிவைத்தால் பின்னர் தடுமாற்றம் நேராது.

டயர்களைப் பற்றி ஒரு சொல். எங்கள் வண்டியின் டயர்களில் பூ தேயாமல் இருந்தது. ஆகவே அவற்றை மாற்ற வேண்டாம் என்றே நான் வாதாடினேன். பட்டறைக்காரப் பெரியவர் டயரை மடக்கிக் காட்டினார். பக்கச்சுவர் முழுவதும் வறண்ட வயல்போல வெடித்திருந்தது. இக்காலத்து டயர்களின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். அதன் முதலிரண்டு இலக்கங்கள் வாரத்தையும், பின்னிரண்டு ஆண்டையும் காட்டும். 2308 என்றிருந்தால் அது 2008-ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரத்தில் செய்யப்பட்டதாகும். டயருக்கு வயது பூவின் அளவில் இல்லை; அவ்வெண்ணில் இருக்கிறது. டயர்களோடு, சக்கரத் தாங்கிகளின் பழைய கிரீசைக் கழுவிப் புதிது இடுதல், முன்சக்கரங்களின் கிங்பின்களுக்குக் கிரீஸ் அடித்தல், ஸ்டியரிங்கின் ஆட்டத்தைச் சரிபார்த்தல், விளக்குகள், ஒலிப்பான், மழைத்துடைப்பான் ஆகியவற்றைச் சீராக்குதல் என்பனவும் முடியவேண்டும்.

உறுப்புகளுக்கு எங்கே போவது என்று கேட்கலாம். அரை நூற்றாண்டுக்கு மேல் உற்பத்தியான வண்டியாதலால், அம்பாசிடருக்கு இன்னும் உறுப்புகள் கிடைக்கின்றன. சென்னையில் ஜெனரல் பாட்டர்ஸ் சாலையில் புதியனவும், புதுப்பேட்டையில் பழையனவும் தேடினேன். ஆனால் ஒரு விதியை நான் வகுத்துக்கொண்டேன். கதவுப் பிடி, விளக்கு வளையம் போன்றவை பழையனவாக இருக்கலாம். பிரேக், ஸ்டியரிங், டயர் ஆகியவற்றைச் சேர்ந்த எதுவும் பழையதாக இருக்கலாகாது.

எஞ்சினை முதன்முறை ஓடவிடும்போது கதவில்லாத திறந்த வெளியிலேயே ஓடவிடவேண்டும். மூடிய கொட்டகையில் சேரும் கார்பன் மோனாக்சைடு வாடையின்றி உயிரைப் போக்கிவிடும். இருபது நிமிட நேரம் ஓடவிட்டு, எண்ணெய் அழுத்தம், வெப்பம், கசிவு ஆகியவற்றைக் கவனித்தோம். பின்னர் வீட்டுக் களத்திலேயே நடைவேகத்தில் ஓட்டிப் பலமுறை பிரேக்கை மிதித்துப் பார்த்தோம். வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா, டிரம் சூடேறுகிறதா என்று ஒவ்வொரு முறையும் தொட்டுப் பார்த்தோம். சக்கர நட்டுகளை மறுபடி முறுக்கினோம். முதல் 500 கிலோமீட்டருக்குப் பின் எஞ்சின் ஆயிலை மீண்டும் ஒருமுறை மாற்றினோம். உள்ளே இருந்த அழுக்கையெல்லாம் அது திரட்டிக்கொண்டு வந்திருந்தது.

இவ்வளவும் செய்தபின் வண்டி ஓடத் தகுதி பெற்றதேயன்றி, தெருவில் ஓட்டும் உரிமை நமக்கு வந்துவிடவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்த உபயோகத்திற்கான காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு வண்டியை அதிகாரியிடம் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் தரப்புக் காப்புறுதியும் புகைச் சான்றிதழும் வேண்டும். இவற்றை வெறும் காகித வேலை என்று நானும் முன்பு சலித்துக்கொண்டவன்தான். மணற்குவியலின்மேல் நின்ற அன்று, அங்கே ஒரு குழந்தை இருந்திருந்தால், காப்புறுதி இல்லாத வண்டியோடு அதன் பெற்றோர் முன் எவ்வாறு நின்றிருப்பேன் என்று எண்ணியபோது அச்சலிப்பு அகன்றது. ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, முதல் வடிவம் மாறாமல் காக்கப்பெறும் வண்டிகளுக்கென 2021-இல் தனிப் பதிவு முறை ஒன்றும் வகுக்கப்பட்டது. அப்பதிவு எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் இடம்பெறும். ஆனால் அது காட்சிக்கும் அணிவகுப்புக்கும் உரிய முறை; அன்றாடப் போக்குவரத்துக்கு உரியதன்று.

எல்லா வண்டிகளையும் எழுப்பத்தான் வேண்டுமா என்றால், இல்லை என்பதே நேர்மையான விடையாகும். எலும்புக்கூடாகிய தரைத்தகடும் பெட்டிப் பகுதியும் முழுவதும் இற்றுப்போன வண்டிக்கு எவ்வளவு செலவிட்டாலும் அது பாதுகாப்பான வண்டி ஆகாது. அத்தகையவற்றை முறைப்படி பிரித்தழிக்கப் பதிவு பெற்ற நிலையங்களுக்கு 2021-ஆம் ஆண்டு விதிகள் வழி செய்துள்ளன. அன்பின் பொருட்டு ஒரு பொருளைக் காப்பது நல்லதே. அவ்வன்பின் பொருட்டு அடுத்தவரை ஆபத்துக்கு உள்ளாக்குவது நல்லதன்று. வண்டியை வைத்திருக்கவும் வேண்டும், ஓட்டவும் வழியில்லை என்போர், மாதம் ஒருமுறையேனும் அதை எஞ்சின் நன்கு சூடேறும்வரை ஓட்டி, ஈராண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றி வந்தாலே, இப்பேச்சில் கூறிய தொல்லைகளுள் பெரும்பாலானவை அணுகா.

என் தாயார் கேட்டது மறுநாள் நிறைவேறவில்லை. நான்கு மாதங்கள் ஆயின. தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவரைப் பின்னிருக்கையில், என் தந்தையார் இருந்த காலத்தில் அவர் வழக்கமாக அமரும் இடத்தில் அமர்த்தி, கோயிலுக்கு ஓட்டிச் சென்றேன். ஆற்றங்கரை மேட்டில் ஏறிச் சரிவில் இறங்கும்போது, பாதி வழியில் வேண்டுமென்றே பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது. "ஏண்டா நிறுத்திட்டே? ஏதாவது கோளாறா?" என்று தாயார் கேட்டார். "ஒன்றுமில்லை அம்மா, நிற்கிறதா என்று பார்த்தேன்" என்றேன். குளக்கரையில், அந்த மணல் கிடந்த இடத்தில், அதைக் கொண்டு கட்டிய வீடு எழும்பியிருந்தது. அதன் திண்ணையில் இரு குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தன. நாங்கள் மெல்லக் கடந்து சென்றோம்.